எகிப்துக்குத் தனியாக ஒரு பயணம்: செக்போஸ்ட்டிலிருந்து தொடங்கும் திட்டம்

எகிப்துக்குப் போகிறேன், அதுவும் தனியாக, என்று சொன்னதும் அம்மா பிரமிடைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அங்க துப்பாக்கி வச்சுக்கிட்டு நிப்பாங்களாமேடி" என்றுதான் கேட்டார். நிற்பார்கள்தான். கோயில் வாசல், ஹோட்டல் வாசல், மெட்ரோ வாசல், நெடுஞ்சாலை என்று எங்கே திரும்பினாலும் ஒரு ஸ்கேனரும் ஒரு சீருடையும் இருக்கும். இரண்டு வாரம் சுற்றிவிட்டு வந்தபிறகு எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், வெளிநாட்டுக்காரர் ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார் என்று கணக்கு வைத்துக்கொள்வது அவர்களுடைய வேலை. அந்தக் கணக்குக்குள் நம் பயணத்தை உட்காரவைத்துவிட்டால் பெரிய தொல்லை கிடையாது. மீறினால் பாதி நாள் போய்விடும், சில சமயம் பயணமே போய்விடும்.

பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிப்போம். எகிப்துக்கு அது சரிவராது. போகக்கூடாத இடங்களை முதலில் அடித்துவிட்டு மிச்சத்தில் பாதை போடுங்கள்.

1. முதலில் சிவப்புப் பேனா

ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கில் இருக்கிற சினாய் தீபகற்பத்தின் வடக்குப் பகுதி முழுவதையும் அடித்துவிடுங்கள். லிபியா எல்லை, சூடான் எல்லை இரண்டையும் ஒட்டிய பாலைவனத்தையும் அடியுங்கள். மேற்குப் பாலைவனத்தில் வெள்ளைப் பாலைவனம் மாதிரி இடங்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும், அதைப் பதிவு பெற்ற உள்ளூர் நிறுவனம் மூலமாகத்தான் வாங்க முடியும், அதுவும் கிடைக்கிற காலமும் உண்டு, கிடைக்காத காலமும் உண்டு. பிரிட்டன் வெளியுறவுத் துறை தன் மக்களுக்காக எகிப்து வரைபடத்தை நிறம் பிரித்து வெளியிடுகிறது. நாம் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அபாயப் பகுதி என்று அறிவித்த இடத்தில் ஏதாவது ஆனால் பல பயணக் காப்பீடுகள் கைவிரித்துவிடும். பாலிசியில் பொடி எழுத்தைப் படியுங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், பட்ட அடி அப்படி. 1997 நவம்பர் 17 அன்று லக்சரில் ஹட்ஷெப்சுட் கோயிலுக்குள் தீவிரவாதிகள் புகுந்து சுட்டதில் 62 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். 2015 அக்டோபரில் ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து கிளம்பிய ரஷ்ய விமானம் சினாய்க்கு மேலே வெடித்து 224 பேர் போனார்கள். அதே வருடம் செப்டம்பரில் நடந்ததுதான் தனியாகப் போகிறவர்களுக்குப் பாடம்: மேற்குப் பாலைவனத்தில் மெக்சிகோ நாட்டுப் பயணிகள் வந்த வண்டிகளைத் தீவிரவாதிகளின் வண்டி என்று நினைத்துப் பாதுகாப்புப் படையே சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். பாலைவனத்தில் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று குறுக்கு வழியில் போவது வீரம் கிடையாது.

என் பட்டியலிலிருந்து அடிபட்டதில் மனசுக்கு வலித்த இடம் ஒன்றே ஒன்றுதான், பெரனிகே. செங்கடல் கரையில் தெற்குக் கோடியில் இருந்த பழைய துறைமுகம். 'கொறபூமான்' என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்த இடம், நம் பக்கத்து மிளகு ஏழரைக் கிலோ ஒரு பெரிய ஜாடிக்குள் அப்படியே கிடைத்த இடம். அந்தப் பகுதியில் இப்போது பெரிய ராணுவத் தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தனியாக ஒரு ஆள் அங்கே போய் நிற்பது நடக்கிற காரியமில்லை. விட்டுவிட்டேன். அதற்கு மாற்றாக ஒரு ஊர் கிடைத்தது, கடைசியில் சொல்கிறேன்.

2. காகிதங்கள், அப்புறம் பையில் இருக்கக்கூடாதவை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசாவை முன்கூட்டியே முடித்துவிடுவதுதான் நிம்மதி. டெல்லியில் தூதரகம், மும்பையில் துணைத் தூதரகம். அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் மாதிரி விசாவை ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்கு விமான நிலையத்திலேயே விசா தரும் சலுகை இருந்துவருகிறது, ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் டிக்கெட் போடுவதற்கு முந்தைய நாள் அதிகாரப்பூர்வத் தளத்தைப் பாருங்கள், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பாதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுகளுக்கு விதி தனித்தனி. பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது உயிர் இருக்கட்டும்.

பாஸ்போர்ட் முதல் பக்கமும் விசாப் பக்கமும் சேர்த்துப் பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தா என்று கேட்காதீர்கள். செக்போஸ்ட்டில், ஹோட்டலில், வேன் ஓட்டுநரிடம், பாலைவனப் பயண ஏற்பாட்டாளரிடம் என்று எனக்கு ஏழு போனது. நகலைக் கொடுத்தால் அசல் பாஸ்போர்ட் நம் கையை விட்டுப் போகிற நேரம் குறையும். எல்லா நாளுக்குமான ஹோட்டல் முன்பதிவும் திரும்பி வரும் டிக்கெட்டும் தாளில் இருக்கட்டும், போனில் சார்ஜ் போனால் தாள்தான் பேசும்.

ட்ரோன் கொண்டுபோகவே கூடாது. அனுமதி இல்லாமல் ட்ரோன் வைத்திருப்பதே அங்கே குற்றம், 2017-லிருந்து இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. பைனாகுலரையும் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், பறவை பார்க்கிற ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சாட்டிலைட் போனும் வேண்டாம்.

மருந்துப் பெட்டியை இன்னும் கவனமாகப் பாருங்கள். நம் ஊரில் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் சர்வசாதாரணமாக எழுதித்தருகிற ட்ரமடால் எகிப்தில் கடுமையாகத் தடை செய்த பொருள். 2017-ல் ஒரு பிரிட்டிஷ் பெண் தன் துணைவரின் முதுகுவலிக்கென்று 290 மாத்திரை கொண்டுபோய் மாட்டிக்கொண்டார், மூன்று வருடச் சிறைத்தண்டனை. வலி மாத்திரை அட்டையைத் திருப்பி உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் பையில் போடவேண்டும். மற்ற மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும், மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வைத்திருங்கள்.

3. எந்த மாதம்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபரும் மார்ச்சும் பரவாயில்லை. மே முதல் செப்டம்பர் வரை லக்சரும் அஸ்வானும் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும், மதுரை வெயில் பழக்கம்தானே என்று போய்விடாதீர்கள், அங்கே மரமே கிடையாது. வசந்தத்தில் கம்சீன் என்று ஒரு மணல்காற்று வரும், வானம் செம்மண் நிறமாகிவிடும்.

ரமலான் மாதத்தில் போனால் கோயில்கள் சீக்கிரம் மூடும், பகலில் சாப்பாட்டுக்கடை தேட வேண்டும், ஆனால் மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக் கெய்ரோவைப் பார்க்கவே அந்த மாதம் போகிறவர்களும் உண்டு. ஜனவரி 25, அதாவது 2011 புரட்சி தொடங்கிய நாளை ஒட்டிய வாரத்தில் தஹ்ரீர் சதுக்கம் பக்கம் சோதனை அதிகமாக இருக்கும், போனை வாங்கிப் பார்ப்பதும் நடக்கிறது. வேறு தேதி இருந்தால் அதைத் தவிர்த்துவிடலாம்.

4. பாதை

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, துபாய், தோஹா, அபுதாபி மாதிரி ஏதாவது ஒரு வளைகுடா ஊரில் மாறவேண்டும். இறங்கும் நேரம் பகலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தனியாகப் போகிறவருக்கு முதல் இரவு டாக்ஸி பேரம் தேவையில்லாத தலைவலி. கெய்ரோவில் ஊபர் ஓடுகிறது. லக்சரில் இல்லை.

பதினான்கு நாள் இருந்தால் கெய்ரோ நான்கு, அஸ்வான் மூன்று, லக்சர் நான்கு, செங்கடல் கரை இரண்டு, கடைசி இரவு மறுபடி கெய்ரோ. பத்து நாள்தான் என்றால் கடற்கரையை வெட்டுங்கள், லக்சரை வெட்டாதீர்கள். நடு எகிப்தில் மின்யா பக்கம் பெனி ஹசன், அமர்னா எல்லாம் அருமையான இடங்கள்தான், ஆனால் அங்கே வெளிநாட்டுக்காரர் ஹோட்டலை விட்டு வெளியே வந்தாலே போலீஸ் துணைக்கு வருவது வழக்கம், வண்டி வருகிறவரை காத்திருப்பது அவர்கள் கையில், கிளம்புவதும் அவர்கள் கையில். முதல் பயணத்துக்கு வேண்டாம். சினாய் மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் தெற்கு சினாய் மட்டும் போய் வரலாம், வழிகாட்டியாக உள்ளூர் பெதுவின் ஆள் (பாலைவனப் பழங்குடி) இல்லாமல் ஏறவிடமாட்டார்கள், கெய்ரோவிலிருந்து பஸ்ஸில் போனால் வழியில் பையை இறக்கிவைத்துச் சோதிப்பார்கள். அந்தப் பயணத்துக்கு அட்டவணையில் இருக்கிற நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பொதுவாகவே ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை மட்டும் வையுங்கள். சாயங்காலம் நிச்சயம் பிடித்தாக வேண்டிய ரயில் இருக்கிற நாளில் காலையில் தொலைவாக எங்கேயும் போகாதீர்கள்.

5. கெய்ரோ

கிசா பிரமிடுகளுக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். குஃபுவின் பிரமிடு இப்போது 138 மீட்டர் உயரம், கட்டியபோது 146 மீட்டருக்கு மேல். உள்ளே போகத் தனி டிக்கெட். குனிந்து குனிந்து ஏறி, மூச்சுமுட்டி மேலே போனால் ஒரு வெறும் கல்லறை, ஒரு மூடியில்லாத கல் பெட்டி, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசியுங்கள். தாஷூரில் சிவப்புப் பிரமிடுக்குள் கூட்டமே இல்லாமல் இறங்கலாம், சக்காராவில் ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடு, இரண்டையும் ஒரே நாளில் ஒரு காரில் முடிக்கலாம்.

கிசா பக்கத்திலேயே புதிய பெரிய அருங்காட்சியகம். நான் போனபோது பாதிதான் திறந்திருந்தது, 2025 நவம்பரில் முழுவதும் திறந்துவிட்டார்கள், துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துச் சொச்சம் பொருள்களும் இப்போது அங்கேதான். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். அரசர்களின் மம்மிகள் மட்டும் அங்கே இல்லை, 2021 ஏப்ரலில் 22 மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் ஃபுஸ்தாத்தில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். பழைய தஹ்ரீர் அருங்காட்சியகத்தில் போய் மம்மியைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு பேரை நானே பார்த்தேன்.

முக்கியமான ஒன்று: பெரிய இடங்களில் டிக்கெட்டுக்குக் கார்டு மட்டும்தான், ரொக்கம் வாங்கமாட்டார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும்படி இரண்டு வங்கியின் கார்டு எடுத்துப்போங்கள். மாணவர் அட்டை இருந்தால் பாதி விலை.

6. செக்போஸ்ட்டில் நடந்துகொள்வது

அஸ்வானிலிருந்து அபு சிம்பெலுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வேன். ஏறத்தாழ 280 கிலோமீட்டர், சூடான் எல்லைக்குப் பக்கம். அதனால் முந்தைய நாளே ஓட்டுநர் நம் பாஸ்போர்ட் விவரத்தை வாங்கிக்கொள்வார், கடைசி நிமிடத்தில் போய் ஏறிக்கொள்கிற கதை இல்லை. இருட்டில் ஒரு தடுப்பு, ஒரு பீப்பாய், ஒரு டார்ச் வெளிச்சம். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, உள்ளே விளக்கைப் போட்டு, வண்டியில் இருப்பவர்களை எந்தெந்த நாடு என்று அரபியில் ஒப்பித்தார். ஒரு இளைஞன் எட்டிப் பார்த்தான், எங்கள் வீட்டுத் தம்பி வயதுதான் இருக்கும், கம்பளிக் குல்லா, கையில் தேநீர் கிளாஸ். நான் என்ன நினைத்தேனோ, விடிகிற வானம் அழகாக இருக்கிறதே என்று போனைத் தூக்கிவிட்டேன்.

வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவன் கிளாஸைத் தடுப்புச் சுவரில் வைத்துவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினான். படத்தைக் காட்டினேன், அழித்தேன், அழித்த படங்கள் இருக்கும் பெட்டியையும் திறந்து அதிலிருந்தும் அழிக்கச் சொன்னான், அழித்தேன். அப்புறம் "ஹிந்தியா?" என்றான், அரபியில் இந்தியரா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். "அமிதாப் பச்சன்!" என்று சிரித்தான். அவ்வளவுதான், விட்டார்கள். அந்த ஐந்து நிமிடம் என் வயிறு பட்டபாடு எனக்குத்தான் தெரியும், தப்பும் என்னுடையது.

ஆக, செக்போஸ்ட் வருகிறது என்றால் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். போலீஸ், ராணுவம், பாலம், சூயஸ் கால்வாய், விமான நிலையம், அரசுக் கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள். சொந்தத் தேவைக்குப் பொது இடங்களில் படம் எடுக்க அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று 2022-லேயே அரசு சொல்லிவிட்டது, ஆனால் அதே அறிவிப்பில் மக்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக்கூடாது, நாட்டின் பெயரைக் கெடுக்கிற மாதிரி எடுக்கக்கூடாது என்றும் இருக்கிறது. குப்பைமேட்டையும் பிச்சை கேட்கும் குழந்தையையும் எடுத்துவிட்டு வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில், சிரித்த முகம், பெரிய கேமராவைப் பையில் வைத்திருப்பது. எந்த ஊர், எந்த ஹோட்டல், நாளைக்கு எங்கே, இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. அரசியல், அதிபர், காசா பற்றி யார் பேச்செடுத்தாலும் "எனக்கு அவ்வளவு தெரியாது" என்று தேநீரைக் குடியுங்கள்.

அபு சிம்பெல் அதற்கெல்லாம் தகும். அஸ்வான் அணை கட்டியபோது தண்ணீரில் மூழ்காமல் இருக்க 1964-இலிருந்து 1968-க்குள் முழுக் கோயிலையும் அறுத்துத் துண்டு துண்டாக மேலே தூக்கிப் பொருத்தியிருக்கிறார்கள், எவ்வளவு கிட்டே போனாலும் தையல் கண்ணில் படுவது சிரமம்.

7. ரயில்

கெய்ரோவிலிருந்து லக்சர் 670 கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம். அஸ்வான் இன்னும் தள்ளி. வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, இணையத்தில் எடுப்பதே நல்லது. இங்கே நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். கெய்ரோ ரயில் என்றால் ரம்சேஸ் நிலையம்தான் என்று பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போய் நின்றேன். தெற்கே போகிற வண்டிகளில் பல 2024-லிருந்து பஷ்தீல் என்ற புது நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, அது நகரத்தின் இன்னொரு பக்கம். டிக்கெட்டில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. நெரிசலில் டாக்ஸி பிடித்துப் போய், ஸ்கேனரில் பையைப் போட்டு, நடைமேடைக்கு ஓடியபோது வண்டி நகர நான்கு நிமிடம் இருந்தது.

இன்னொன்று, எண்கள். நடைமேடை, பெட்டி, இருக்கை எல்லாம் அரபு எண்ணில்தான் இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஐந்து ஒரு சின்ன வட்டம், அதைப் பூஜ்யம் என்று நினைப்போம். ஆறு பார்க்க நம் ஏழு மாதிரி. ஏழு ஒரு பள்ளம், எட்டு அதையே கவிழ்த்த கூரை. விமானத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதிப் பார்த்தால் வந்துவிடும், கடையில் விலைப்பலகையைப் படிக்கத் தெரிந்தவரிடம் பேரமும் பாதியாகக் குறையும்.

8. லக்சர், அப்புறம் கொற்றன்

கிழக்குக் கரையில் கர்னாக், 134 தூண்கள் நிற்கும் மண்டபம். மேற்குக் கரைக்கு ஊர்மக்கள் போகும் படகு இருக்கிறது, சில்லறைக் காசுதான். அதை விட்டுவிட்டு "படகு இன்னைக்கு இல்லை" என்று சொல்கிற ஆளோடு போகாதீர்கள். தங்குவதை மேற்குக் கரையில் வைத்துக்கொண்டால் காலை ஆறு மணிக்கு அரசர் பள்ளத்தாக்கு வாசலில் நிற்கலாம், சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் இரண்டு கல்லறையாவது நமக்கே நமக்கு. பொது டிக்கெட்டில் மூன்று கல்லறை பார்க்கலாம். முதலாம் சேத்தியின் கல்லறைக்கும் துட்டன்காமனுக்கும் தனி டிக்கெட். என்னைக் கேட்டால் துட்டன்காமனை விட்டுவிட்டு சேத்திக்குக் காசைப் போடுங்கள். பலூனில் பறக்க ஆசை இருந்தால் 2013-ல் இங்கே பலூன் விழுந்து 19 பேர் இறந்ததையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள், காற்று சரியில்லை என்று ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள்.

2026 பிப்ரவரியில் வந்த செய்தி உங்களுக்கும் எட்டியிருக்கும். அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் தமிழ் பிராமியில் பெயர்கள் இருப்பதை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். அதில் சிகை கொற்றன் என்று ஒருவர், ஒரு இடத்தில் எழுதி மனசு ஆறாமல் கல்லறை கல்லறையாகப் போய்த் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட 2,000 வருடத்துக்கு முன்னால். கிரேக்கர்கள் கீறியவை அதே சுவர்களில் ஏராளம், நம் ஆளுக்கும் கை ஊறியிருக்கிறது. நான் போனபோது இந்தச் செய்தி வரவில்லை. அதே பள்ளத்தாக்கில் மூன்று கல்லறைகளில் சுவரை முட்டுகிற தூரத்தில் நின்று ஓவியத்தையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. நீங்கள் கொற்றனைத் தேடிப் பாருங்கள், ஆனால் கொற்றன் செய்ததைச் செய்யாதீர்கள். 2013-ல் லக்சர் கோயில் சிற்பத்தில் ஒரு சீனச் சிறுவன் பெயரைக் கீறி உலகம் முழுக்கத் திட்டு வாங்கினான்.

கல்லறைக்குள் காவலர் ஒருவர் டார்ச்சோடு பின்னாலேயே வருவார், "ஸ்பெஷல், ஸ்பெஷல்" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூப்பிடுவார். போகாதீர்கள். போனால் பக்ஷீஷ், அதாவது டிப்ஸ், கொடுக்க வேண்டும் என்பது கிடக்கட்டும், மாட்டினால் விதியை மீறியது நாம்தான்.

9. காசும் சாப்பாடும்

ஒரு எகிப்து பவுண்டு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஏடிஎம்மில் 200 தாளாக வரும், அதை உடைப்பது ஒரு தனிக் கலை. சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் வாங்கி 5, 10, 20 தாள்களாக மாற்றி ஒரு தனிப் பையில் வையுங்கள், கழிப்பறை வாசலிலிருந்து படகுக்காரர் வரை பக்ஷீஷ் அதிலிருந்துதான் போகும். கேட்காத உதவிக்குக் கொடுக்கவேண்டியதில்லை. "லா, ஷுக்ரன்", வேண்டாம் நன்றி, நடையை நிறுத்தாமல் சொல்லவேண்டும், நின்றால் போச்சு. இன்னொரு விஷயம், கெய்ரோ பேச்சுவழக்கில் "என்னை என்ன ஹிந்தி என்று நினைத்தாயா" என்றால் "என்னை ஏமாளி என்று நினைத்தாயா" என்று அர்த்தம். அதைச் சொல்லிப் பேரம் பேசினேன், கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விலையைக் குறைத்தார்.

சைவக்காரர்களுக்கு எகிப்து சொர்க்கம். கோஷரிக் கடைக்குப் போனால் பெரிய அண்டாவில் கரண்டி தட்டுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். அரிசி, மசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, கருகக் கருகப் பொரித்த வெங்காயம். மேசையில் இரண்டு பாட்டில் இருக்கும், ஒன்று பூண்டும் வினிகரும், இன்னொன்று ஷத்தா என்கிற காரம். காரத்தை நம் ஊர்க்காரர்கள் தாராளமாக ஊற்றலாம். காலையில் ஃபூல் என்கிற ஃபாவா அவரை மசியலும் தாமியா என்கிற அதே அவரை வடையும், தவிடு ஒட்டிய ஐஷ் ரொட்டியோடு. குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

10. தனியாகப் போகிற பெண்களுக்கு

பேச்சுத் தொல்லை உண்டு, மறைக்க விரும்பவில்லை. கெய்ரோ நடுத்தெருவில் அதிகம், அஸ்வானில் குறைவு. தோளும் முழங்காலும் மறைகிற தொளதொள பருத்திச் சட்டை, ஒரு துப்பட்டா, கறுப்புக் கண்ணாடி. மெட்ரோவில் நடுப்பெட்டிகள் பெண்களுக்கு, அதில் ஏறினால் பாட்டிமார்கள் இடம் கொடுத்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு, ஆகவில்லை என்றால் துஆ செய்து அனுப்புவார்கள். டாக்ஸியில் பின் இருக்கை. "கணவர் ஹோட்டலில் காத்திருக்கிறார்" என்ற பொய்யை நான் பதினான்கு நாளில் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை. யாராவது ஒட்டிக்கொண்டே வந்தால் அருகில் நிற்கும் சுற்றுலாப் போலீஸ் பக்கம் நடந்தாலே போதும், ஆள் மாயமாகிவிடுவார். சுற்றுலாப் போலீஸ் எண் 126, ஆம்புலன்ஸ் 123. இந்தியத் தூதரகம் கெய்ரோவில் ஜமாலெக் பகுதியில். வீட்டில் ஒருவரிடம் நாள்வாரித் திட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், அழைப்பு பல சமயம் எடுக்காது, அதை முன்பே சொல்லிவையுங்கள். நான் சொல்லவில்லை, முதல் நாள் அம்மா அழுதுவிட்டார்.

11. குசேர், திரும்பும் வழி

பெரனிகேவுக்கு மாற்றாகக் கிடைத்தது குசேர். லக்சரிலிருந்து சஃபாகா வழியாகச் சாலையில் போய்விடலாம், சுற்றுலாக்காரர்கள் தங்கும் கடற்கரைதான், தனி அனுமதி வேண்டாம். ஊருக்கு வடக்கே எட்டு கிலோமீட்டரில் குசேர் அல் கதீம், ரோமானியர் காலத்து மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம். சாலையோரம் வெறும் மண்மேடுகள், கடல், அவ்வளவுதான் தெரியும். இங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழில் எழுதியிருக்கிறது. ஒறி என்றால் உறிதான், எங்கள் பாட்டி வீட்டில் தயிர்ச்சட்டியைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிட்ட அதே கயிற்று உறி. இங்கே இறக்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்து நைல் கரை ஊரான கொப்டோஸ் போய், நைல் நதியில் அலெக்சாண்ட்ரியா போனது. கொற்றனும் இந்தப் பக்கமாகத்தான் ஏறிப் போயிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இறங்கி ஓடு பொறுக்காதீர்கள், தொல்பொருள் சட்டம் அங்கே விளையாட்டில்லை.

கிளம்பும் நாள் விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். வாசலிலேயே ஒரு ஸ்கேனர், உள்ளே இன்னொன்று, விமானம் ஏறும் இடத்தில் மறுபடி ஒன்று. கல்லில் செதுக்கிய பொம்மை எது வாங்கினாலும் கடை ரசீதை மேலாக வைத்திருங்கள், பழம்பொருளோ என்று சந்தேகம் வரும். என் பையிலிருந்து ஒரு அலபாஸ்டர் பூனையை வெளியே எடுத்து, தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரசீதை வாங்கிப் படித்த அதிகாரி, "இதற்கா இவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.